விடுமுறை நாளில் எங்கே போகலாம்? – சுற்றுலா, கண்காட்சி, கோட்டை பற்றி மார்க்கம்

(ஓசூரில் பெருநாளுக்கு முந்தைய வெள்ளியன்று நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



போன மாதம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு கணவன் மனைவி பிரச்சினை வந்தது. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். கணவர் நல்ல மனிதர். ஐந்து வேளை தொழுகிறார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து வீட்டில்தான் கொடுக்கிறார். அப்படியானால் பிரச்சினை என்ன என்று கேட்டோம். அந்தச் சகோதரி திரைக்குப் பின்னால் இருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்கள்: "ஹஜ்ரத், நிக்காஹ் ஆகி ஏழு வருஷமாச்சு. ஆஸ்பத்திரி, அம்மா வீடு, இது ரெண்டைத் தவிர என்னை வேற எங்கயும் இவர் கூட்டிட்டுப் போனதில்லை."

கூட இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். இதற்காகவா ஜமாஅத்துக்கு வந்தாய் என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கு இல்லை. பிறகு விசாரித்தால், அந்தக் கணவர் வருடா வருடம் கம்பெனி நண்பர்களோடு கோவா போகிறார், ஒகேனக்கல் போகிறார், பிடதியில் உள்ள பார்க்குக்குப் போகிறார். போனில் படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களை அந்தப் பெண்மணியும் பார்த்திருக்கிறார்கள். ஏன் வீட்டாரை அழைத்துப் போகவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் பெண்களுக்கு நல்ல இடம் இல்லை ஹஜ்ரத். மார்க்கத்தில் கூடாது."

நண்பர்களே, தனக்கு ஆகுமான இடம் தன் மனைவிக்கு மட்டும் ஹராமாகும் என்ற சட்டத்தை இவர் எந்தக் கிதாபில் படித்தார்? பெருநாள் நெருங்கிவிட்டது, மூன்று நாள் விடுமுறை வருகிறது. நம் பகுதியில் பாதிப் பேர் எங்காவது கிளம்புவார்கள். அதனால் இன்று இதைப் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு சம்பவம். புகாரியில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த பிறகு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக ஆக்கினார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) தன் சகோதரரைப் பார்க்க வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே உம்முத்தர்தா (ரலி) அழுக்கான, எடுப்பில்லாத உடையில் இருக்கிறார்கள். என்ன இப்படி என்று கேட்க, உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்தத் தேவையும் இல்லை என்று பதில் வருகிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. மனைவியின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸல்மான் (ரலி) என்ன செய்தார்கள்? அபுத்தர்தாவை நோன்பை விடச் செய்து தன்னோடு உண்ண வைத்தார்கள். இரவில் தூங்க வைத்தார்கள். கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு சொன்னார்கள்: உன் இறைவனுக்கு உன் மேல் உரிமை உண்டு, உன் உடலுக்கு உரிமை உண்டு, உன் வீட்டாருக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்று. இந்த விவரம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள்.

கவனியுங்கள். அபுத்தர்தா (ரலி) அவர்களை மனைவியிடமிருந்து பிரித்தது இபாதத். நஃபில் தொழுகையும் நஃபில் நோன்பும்! அதற்கே இந்தக் கண்டிப்பு என்றால், ஓடியும் நண்பர்களும் கிரிக்கெட்டும் செல்போனும் பிரித்தால் என்ன சொல்வது?

இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் வைத்து விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க ஆசைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் அவர்களை நிற்க வைத்து, தாமே மறைவாக நின்று, போதும் என்று ஆயிஷா சொல்லும் வரை காத்திருந்தார்கள். அல்லாஹ்வின் தூதருக்கு அன்று வேறு வேலை இல்லையா? இருந்தது. ஆனால் முதலில் சலிப்படைந்தது அவர்கள் அல்ல. நாம் கடைவீதியில் மனைவி ஒரு புடவையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் நான்கு தடவை மணி பார்க்கிறோம்.

பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததும் அபூதாவூதில் வருகிறது. முதல் தடவை ஆயிஷா ஜெயித்தார்கள். சில காலம் கழித்து, அவர்கள் உடல் பருத்த பிறகு நடந்த பந்தயத்தில் நபி (ஸல்) ஜெயித்து, அன்றைக்கு இது ஈடு என்று சொன்னார்கள். ஒரு படை செல்லும் வழியில் நடந்த பேச்சு இது. மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, தங்களுக்கு மட்டும் ஒரு தனிமையை ஏற்படுத்திக்கொண்டு ஓடினார்கள். வெட்கமும் காக்கப்பட்டது, சந்தோஷமும் கிடைத்தது.

ஆகவே போவதா வேண்டாமா என்பது கேள்வி அல்ல. எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

நம் ஊர் ஓர் எல்லை ஊர். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. சில்க் போர்டு நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் லால்பாக் போய்விடலாம். அந்த லால்பாக்கை 1760-இல் தொடங்கியவர் ஹைதர் அலி என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் அங்கே மலர்க் கண்காட்சி நடக்கிறது. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரியில் வருடா வருடம் மாங்கனிக் கண்காட்சி. நம் விவசாயிகள் விளைவித்ததைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு ராட்டினம் இருக்கும், நாலு வகை மாம்பழம் வாங்கி வரலாம். மாவட்ட நிர்வாகம் நடத்துகிற கண்காட்சி, எந்த வழிபாடும் இல்லை. தாராளமாகப் போங்கள். ஒரு மரத்தில் ஒட்டுக் கட்டி இன்னொரு ருசியை வரவழைக்கிறார்களே, அதைப் பிள்ளைக்குக் காட்டி இந்த அறிவைக் கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். அதுவும் ஒரு தர்ஸ்தான்.

மற்ற சமுதாயத்தாருடைய மத விழாக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓசூரில் தமிழர், தெலுங்கர், கன்னடர், உர்தூ பேசுபவர் எல்லோரும் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கிறோம். சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழா வந்தால் ஊரே நிறைகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்கிருந்தவர்களுக்கு விளையாடிக் கொண்டாட இரண்டு நாட்கள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக அல்லாஹ் இரண்டு பெருநாட்களைத் தந்தான் என்று அறிவித்தார்கள். அதனால் வணக்கமாக நடக்கும் கொண்டாட்டத்தில் நமக்குப் பங்கு இல்லை. அவர்கள் மார்க்கம் அவர்களுக்கு, நம் மார்க்கம் நமக்கு. ஆனால் இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தீன் அல்ல. நம்மோடு சண்டையிடாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயம் 8-வது வசனம் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி கூட்டத்தில் வழி தவறினால் கைப்பிடித்து வீட்டில் விடுங்கள். தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் கொடுங்கள். அன்று உங்கள் வண்டியை அந்தத் தெருவில் நிறுத்தி வழியை அடைக்காதீர்கள். இதைவிட நீட்டி முழக்க இதில் எதுவும் இல்லை.

இப்போது பொழுதுபோக்குப் பார்க்குகளுக்கு வருகிறேன். கம்பெனிகள் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அழைத்துப் போகின்றன, பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கொண்டு போகின்றன. பிடதியில் வொண்டர்லா 2005-இல் திறந்தது. இப்போது சென்னைக்குப் பக்கத்திலும் ஒன்று 2025 டிசம்பரில் வந்துவிட்டது. ராட்டினத்தில் ஏறுவது ஹராமா என்று கேட்டால் இல்லை. அதில் ஹராம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆணும் பெண்ணும் ஈர உடையோடு ஒரே குளத்தில் இறங்கும் இடத்தில் வருகிறது. சினிமாப் பாட்டுக்குத் தண்ணீர் தெளித்து ஆட வைக்கும் இடத்தில் வருகிறது. அதைத் தவிர்த்துத் தரையில் ஓடும் விளையாட்டுகளே அங்கே ஏராளம். இன்னொரு விஷயம், பல பார்க்குகளில் தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணி உடைதான் வேண்டும் என்பார்கள். பருத்தியோடு, பர்தாவோடு விடமாட்டார்கள். வாசலில் போய் நின்று சண்டை போடுவதில் பயன் இல்லை. போவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சரிப்படவில்லை என்றால் பன்னேருகட்டாவுக்குப் போங்கள். சிங்கத்தையும் யானையையும் பார்க்க யாரும் உடை மாற்றச் சொல்வதில்லை.

செலவையும் பாருங்கள். நான்கு பேர் குடும்பம் டிக்கெட் எடுத்து, உள்ளே சாப்பிட்டு, லாக்கர் வாடகை கொடுத்து, வாடகைக் காருக்கும் கொடுத்தால் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும் துண்டு போய்விடும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு வட்டி கட்டுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். கையில் இருந்தால் போங்கள். இல்லையென்றால் கெலவரப்பள்ளி அணைப் பூங்காவில் வீட்டில் செய்த பிரியாணியோடு உட்கார்ந்தால் பிள்ளைகள் குறைவாகச் சந்தோஷப்படுவதில்லை. நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு வேண்டியது வாப்பா ஒரு நாள் முழுக்க போனைப் பார்க்காமல் இருப்பதுதான்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோனில் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. தீயணைப்புத் துறையின் அனுமதி இல்லாமலேயே அது நடந்துகொண்டிருந்தது. 2025 ஜூன் 4 அன்று நமக்குப் பக்கத்தில் பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில், கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடப் போன கூட்டத்தில் 11 பேர் மிதிபட்டு இறந்தார்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கட்டளை பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. எந்த மாலுக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழி எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுங்கள். ஓட்டையில்லாத தவக்குல் அதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் நம்பிக்கை வைக்கச் சொன்னார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் பெருநாளின் இரண்டாம் நாள். பதினேழு வயதுப் பையன், பெருநாளுக்கு எடுத்த புது ஜிப்பா. மூன்று நண்பர்கள், ஒரே பைக், ஓர் அணைக்கட்டு. நீச்சல் தெரியாது. மற்ற இருவரும் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. அவனுடைய வாப்பா பி ஷிப்டில் இருந்தார், அவருக்குச் செய்தி சேர்ந்தபோது ராத்திரி. ஜனாஸா தொழுகையை நான்தான் நடத்தினேன். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நபிமொழியை அந்தத் தகப்பனாருக்கு ஆறுதலாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட கேட்டான் ஹஜ்ரத், வாங்க எல்லாரும் எங்கயாவது போகலாம்னு கேட்டான். லீவு இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அந்த ஹதீஸ் மனம் உடைந்தவருக்கான மருந்து. ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. கே.ஆர்.பி. அணையோ ஒகேனக்கலோ, குளிக்கக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில் குளிக்காதீர்கள். பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். வாலிபர்களே, பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குகளுக்கு அனுமதியே இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டலாம் என்று நினைக்கிறீர்கள். ஃபைன் பரவாயில்லை. வீட்டில் உம்மா கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இனி பழைய கோட்டைகள், பழைய நகரங்கள். குர்ஆனைத் திறந்தால் பூமியில் சுற்றி வந்து முன்னிருந்தவர்களின் முடிவு எப்படி ஆனது என்று பார்க்கும்படி ஆல இம்ரானில் இருக்கிறது, அன்ஆமில் இருக்கிறது, ரூமில் இருக்கிறது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பார்க்கச் சொன்னவன் எப்படிப் பார்ப்பது என்பதையும் ஹஜ் அத்தியாயம் 46-வது வசனத்தில் சொல்லிவிட்டான்: குருடாவது கண்கள் அல்ல, நெஞ்சுக்குள் இருக்கும் உள்ளங்கள்தாம் குருடாகின்றன என்பது அதன் கருத்து.

ஹிஜ்ரீ 9-ஆம் ஆண்டு தபூக் செல்லும் வழியில் ஸஹாபாக்கள் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்தார்கள். பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள். நபி (ஸல்) அவர்கள் தலையை மூடிக்கொண்டு வாகனத்தை வேகப்படுத்தினார்கள். அழுதவர்களாக அன்றி இங்கே நுழையாதீர்கள் என்று தடுத்தார்கள். அங்குள்ள கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள், அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். அந்த இடம் இன்று சவூதியின் அல்உலா பக்கத்தில் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து பயணிகள் போகிறார்கள், பலூனில் பறந்து பார்க்கிறார்கள். யார் போகட்டும், போகாமல் இருக்கட்டும், நமக்கு வழிகாட்டுதல் அந்தத் தலையை மூடிய கையில் இருக்கிறது.

வேதனை இறங்கிய இடத்துக்கு அந்தச் சட்டம். சாதாரணக் கோட்டைகளுக்கு அந்தத் தடை இல்லை, படிப்பினை மட்டும் உண்டு. அதற்கு அல்உலா வரை போகத் தேவையில்லை. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே மலை தெரிகிறது. நம்மவர்கள் சையத் பாஷா மலை என்கிறார்கள். அந்தக் கோட்டைக்காக எத்தனை பேர் இரத்தம் சிந்தினார்கள்! 1791-இல் மேக்ஸ்வெல் என்பவருடைய தலைமையில் ஆங்கிலேயப் படை வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்தது. மேல்கோட்டையில் திப்புவின் வீரர்கள் கல்லை உருட்டித் தடுத்தார்கள், படை திரும்பியது. வாளால் விழாத அந்தக் கோட்டை அடுத்த வருடம் ஒரு காகிதத்தால் கை மாறியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் பகுதி முழுவதும் கம்பெனிக்குப் போனது. பணம் கட்டும் வரை பிணையாகத் தன் இரண்டு சின்ன மகன்களை திப்பு காரன்வாலிஸிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. மூத்தவருக்கே பத்து வயதுதான் இருக்கும். அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு 1794-இல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். ஓர் அரசர், யானைப்படை வைத்திருந்தவர், இரண்டு வருடம் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஏழு வருடம் எல்லை எங்கே ஓடியது தெரியுமா? கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம், ஓசூர் மைசூரிடம். இன்று ராயக்கோட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகிறோமே, அந்தப் பாதை ஒரு நாட்டின் விளிம்பு. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குள் நுழைந்தது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பிணங்களுக்கு இடையில் கண்டெடுக்கப்பட்டார். ஓசூரும் அதோடு கை மாறியது. இன்று ஜெயித்தவர்களும் இல்லை, தோற்றவர்களும் இல்லை. ராயக்கோட்டை மலை மேல் ஆடு மேய்கிறது. அல்லாஹ் நாட்களை மனிதர்களிடையே மாறி மாறி வரச் செய்கிறான் என்பதன் விளக்கவுரை அங்கே கல்லில் இருக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்களுக்குச் சில விவரம். கோட்டையின் பெங்களூரு வாசல் பக்கம் இரண்டு உயர்ந்த மினாராக்களோடு 1787-இல் கட்டிய மஸ்ஜிதே அஃலா இருக்கிறது. அதைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் இரண்டு ரக்அத் தொழுங்கள். தரியா தவுலத் பாக், 1784-ஆம் ஆண்டுத் தேக்கு மாளிகை. அதன் சுவரில் 1780-இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த போர் வரைந்திருக்கிறது. கும்பஸில் ஹைதர் அலி, அவருடைய மனைவி, மகன் திப்பு மூவரும் அடங்கியிருக்கிறார்கள். திப்புவைப் பற்றி நாட்டில் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். நாம் அதில் போய் வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை. நமக்கு அவர் நபியும் அல்ல, பிழையே செய்யாதவரும் அல்ல, ஓர் அரசர். கப்ருக்கு ஸலாம் சொல்லி, அவருடைய மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள். அவரிடம் கேட்காதீர்கள். கிருஷ்ணகிரி மலை மேலுள்ள அடக்கஸ்தலத்துக்கும் இதையேதான் சொல்வேன். நன்மையை நாடி வணக்கமாகப் பயணம் கட்டுவது மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று பள்ளிகளுக்குத்தான் என்ற ஹதீஸ் தெரிந்ததே. மற்ற இடத்துக்குப் படிப்பினைக்காகப் போகிறோம், ஸவாப் தேடி அல்ல.

தொழுகைச் சட்டத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பெங்களூரு நமக்கு ஏறத்தாழ 40 கி.மீ. அங்கே போய் லுஹரை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார்கள். கூடாது. கஸ்ருக்கான தூரம் ஏறத்தாழ 80 கி.மீ. ஓசூரிலிருந்து பிடதியும் அந்த அளவைத் தொடாது, முழுமையாகத் தொழ வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவருக்குக் கணக்கு மாறும். ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூரு என்றால் ஓசூர்க்காரருக்கும் கஸ்ர் உண்டு. ஹனஃபிகள் சுருக்கி அந்தந்த நேரத்தில் தொழுங்கள், ஷாஃபிஈகள் இரண்டைச் சேர்த்தும் தொழலாம். எந்த மத்ஹபிலும் இல்லாத ஒரு வகை நம் பஸ்களில் இருக்கிறது: வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொழுதுகொள்ளலாம் என்பது. ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க முடிந்தவருக்கு அஸருக்குப் பத்து நிமிடம் கிடைக்காதா? பையில் ஒரு விரிப்பு வையுங்கள், புல்தரையில் ஓரமாக விரித்துத் தொழுங்கள், வழியை மறிக்காதீர்கள்.

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அமீருக்கு வேலை சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பது மட்டுமல்ல. மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பிரியாணித் தட்டும் தண்ணீர் பாட்டிலும் டயப்பரும் போட்டுவிட்டு வருவதும் அதில் சேராதா? பாதையின் உரிமைகளில் பார்வையைத் தாழ்த்துவதும் பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதும் உண்டு. அந்நிய ஊரில் ஒரு தொப்பியும் ஒரு பர்தாவும் தவறு செய்தால் அது தனி ஆளின் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை, தெரியும்தானே.

பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பீகார், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் சகோதரர்களுக்கு இந்தப் பயான் பாதி கூடப் புரியாது. பெருநாள் தொழுகை முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போகிறோம், அவர்கள் பத்துப் பேர் தங்கும் ஓர் அறைக்குப் போய்ப் படுக்கிறார்கள். நீங்கள் வேன் பிடித்தால் இரண்டு ஸீட் அவர்களுக்கு வையுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, சேமியாவுக்கு மொழி வேண்டாம்.

அந்தக் கணவர் மனைவி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவருக்கு நாங்கள் அபராதம் எதுவும் போடவில்லை. போனில் இருந்த படங்களை அவரையே ஒவ்வொன்றாகத் திறந்து, இது எந்த ஊர், எவ்வளவு செலவு என்று சொல்லச் சொன்னோம். ஐந்தாவது படத்தில் நிறுத்திவிட்டார். பிறகு, அவளுக்கு எங்கே போக ஆசை என்று அவரே திரையைப் பார்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் பதில் வரவில்லை. கடைசியில், "கடல் பார்த்ததில்லை" என்று சத்தம் வந்தது.

இன்னும் போகவில்லை. லீவு கேட்டிருக்கிறாராம்.

ஒரு அறிவிப்பு. பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு ஜமாஅத் சார்பில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இரண்டு பஸ் போகிறது, இன்ஷா அல்லாஹ். ஒன்றில் குடும்பங்கள், ஒன்றில் மதரஸாப் பிள்ளைகள். ஃபஜ்ர் தொழுததும் பள்ளி வாசலில் கிளம்பும், லுஹர் மஸ்ஜிதே அஃலாவில், இஷாவுக்குள் திரும்பிவிடுவோம். பெண்களுடன் மஹ்ரம் வர வேண்டும். பணம் கஷ்டமாக இருப்பவர்கள் முஅத்தினிடம் தனியாகச் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாது. பெயர் எழுதும் நோட்டு வாசலில் இருக்கிறது. வீட்டுப் பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள், அதற்குக் கீழே உங்கள் பெயர்.